செந்திலுக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி

கேள்வி: நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. மினி ப்ராஜெக்டுக்காக நூலக உறுப்பினர் பட்டியல் ஒன்றை சி மொழியில், உபுண்டுவில் எழுதுகிறேன். ஒரு கோப்பில் வரிக்கு ஒரு பெயர், எல்லாம் தமிழில். முதலில் எழுதியபோது எல்லா உறுப்பினருக்கும் கடைசிப் பெயரே வந்தது. சீனியர் அண்ணா சொன்னபடி மாலாக் (கேட்ட அளவு மெமரி ஒதுக்கித் தரும் ஃபங்ஷன்) போட்டதும் அது சரியாகிவிட்டது. ஆனால் "செந்தில்" என்ற பெயருக்குப் பின்னால் மட்டும் ஓர் ஆச்சரியக்குறி அச்சாகிறது. கோப்பில் அப்படி எதுவும் இல்லை. செந்திலுக்கு அடுத்த வரியில் கலைச்செல்வியை வைத்தால் ஆச்சரியக்குறி போய் 1 வருகிறது. கடைசியில் எல்லாவற்றையும் ஃப்ரீ செய்தால் (ஒதுக்கிய மெமரியைத் திருப்பித் தந்தால்) "டபுள் ஃப்ரீ டிடெக்டட் இன் டிகேஷ் 2" என்று ப்ரோகிராம் நின்றுவிடுகிறது. ஃப்ரீயை எடுத்துவிட்டால் ஓடுகிறது. ப்ரோகிராம் முடிந்ததும் ஓஎஸ் மெமரியை எடுத்துக்கொள்ளும் என்கிறார்களே, அப்படியே விட்டுவிடலாமா? உறுப்பினர் அட்டைக்கு 20 பைட் ஒதுக்கி ஸ்டர்என்காப்பியால் பெயரை நகலெடுத்தால், நீளமான பெயர்களின் முடிவில் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் வருகிறது. ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்றாலே பயமாக இருக்கிறது. ப்ரோகிராமை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

ப்ரோகிராமை முழுவதும் படித்தேன், ஓட்டியும் பார்த்தேன். என் கணினியிலும் செந்திலுக்கு ஆச்சரியக்குறி வந்தது. பெயர்களின் வரிசையை மாற்றினால் குறி மாறுகிறது என்பதைக் கவனித்து எழுதினீர்களே, அதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. பிழையைப் பிடிக்க வேண்டிய நூலை நீங்களே கையில் வைத்திருக்கிறீர்கள்.

முதல் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கோப்பைப் படிக்கும் எஃப்கெட்ஸ் ஒவ்வொரு வரியையும் உங்கள் "வரி" என்ற ஒரே அரேயில்தான் கொண்டுவந்து போடுகிறது. நீங்கள் அந்த அரேயின் முகவரியைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனீர்கள். ஒரே வீட்டின் கதவு எண்ணை நாற்பது முறை எழுதி வைத்தது மாதிரி. யார் கடைசியாகக் குடிவந்தாரோ அவர்தான் நாற்பது தடவையும் கதவைத் திறப்பார். சி மொழியில் பாயிண்டரை (ஒரு முகவரியை வைத்திருக்கும் மாறியை) நகலெடுத்தால் முகவரிதான் நகலாகும், எழுத்துகள் நகலாகாது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் தனி இடம் வேண்டும், அதற்கு மாலாக். உங்கள் சீனியர் சொன்னது சரி.

இனி ஆச்சரியக்குறி. நீங்கள் எழுதியிருப்பது மாலாக்(ஸ்டர்லென்(வரி)), அடுத்து ஸ்டர்காப்பி. ஸ்டர்லென் எழுத்துகளின் பைட்டுகளை மட்டும் எண்ணும். ஸ்ட்ரிங் இங்கே முடிகிறது என்று காட்டும் கடைசி பூஜ்ஜிய பைட்டை எண்ணாது. ஸ்டர்காப்பியோ அந்தப் பூஜ்ஜியத்தையும் சேர்த்து எழுதும். எனவே ஒவ்வொரு பெயருக்கும் நீங்கள் ஒரு பைட் குறைவாக வாங்கி, ஒரு பைட் அதிகமாக எழுதுகிறீர்கள். செந்திலுக்கு மட்டுமில்லை, நாற்பது பேருக்கும் இதே பிழைதான். மற்றவர்களுக்கு வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் தெரியவில்லை? 64 பிட் லினக்ஸில் அதன் சி லைப்ரரியான ஜிலிப்சியின் மாலாக், கேட்ட அளவை அப்படியே தராது. ஒவ்வொரு துண்டும் 16 பைட்டின் மடங்காக இருக்கும்; குறைந்தது 32 பைட். அதில் 8 பைட்டைத் தன் கணக்குக்கு வைத்துக்கொண்டு மீதி 24ஐ உங்களிடம் தரும். அடுத்த அளவில் 40, அதற்கும் அடுத்து 56. இப்போது பெயர்களை எண்ணுங்கள். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். புள்ளியும் ஒரு குறி, துணையெழுத்தும் ஒரு குறி. முருகன் என்பதில் ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி என்று ஏழு. ஆக 21 பைட். நீங்கள் 21 கேட்டீர்கள், மாலாக் 24 தந்தது, உங்கள் 22ஆவது பைட்டான பூஜ்ஜியம் உபரி இடத்தில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது.

செந்திலுக்கு வாருங்கள். ச, எகரக் குறி, ந, புள்ளி, த, இகரக் குறி, ல, புள்ளி. எட்டுக் குறிகள், 24 பைட். கேட்டதும் 24, கிடைத்ததும் 24, உபரி கிடையாது. 25ஆவது பைட்டான பூஜ்ஜியம் உங்கள் இடத்தைத் தாண்டி, அடுத்த துண்டின் அளவை மாலாக் குறித்து வைக்கும் இடத்தின் முதல் பைட்டில் போய் விழுகிறது. அடுத்த பெயருக்கு நீங்கள் மாலாக்கை அழைக்கிறீர்கள். அது தன் கடமைப்படி அதே இடத்தில் புதிய துண்டின் அளவை எழுதுகிறது: 32. அளவுகள் எல்லாம் 16இன் மடங்கு என்பதால் கீழ் பிட்டுகள் காலியாகக் கிடக்கும். அதில் ஒரு பிட்டை "முந்தைய துண்டு பயன்பாட்டில் இருக்கிறது" என்று காட்ட அது வைத்துக்கொள்கிறது. 32உடன் 1, ஆக 33. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையைத் திறந்து 33க்கு நேரே பாருங்கள். ஆச்சரியக்குறி!

செந்திலின் முடிவுக்குறியை மாலாக் அழித்துவிட்டதால் பிரின்ட்எஃப் நிற்காமல் அடுத்த பைட்டையும் அச்சிடுகிறது. அதற்கடுத்த பைட் பூஜ்ஜியம் என்பதால் அங்கே நின்றுவிடுகிறது. கலைச்செல்வி வந்தால் ஏன் 1? அந்தப் பெயர் 11 குறிகள், 33 பைட். அதற்கு 48 பைட் துண்டு போகும். 48உடன் 1 சேர்த்தால் 49. ஆஸ்கியில் 49 என்பது "1" என்ற எழுத்து. நம்பிக்கை வராவிட்டால் பட்டியலின் நடுவில் தமிழ்மணி என்று ஒருவரைச் சேர்த்துப் பாருங்கள். எட்டுக் குறிகள், அவருக்கும் வரும். இடைவெளியும் இனிஷியலும் இல்லாத தமிழ்ப் பெயர்களின் பைட் எண்ணிக்கை எப்போதும் மூன்றால் வகுபடும். 40ம் 56ம் வகுபடாது. 24க்கு அடுத்து மாட்டுவது 72 பைட்டில்தான். அவ்வளவு நீளப் பெயர் உங்கள் பட்டியலில் இல்லை. நாற்பது பேரில் செந்தில் ஒருவர் மட்டும் சிக்கியதற்குக் காரணம் இதுதான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "ஓடுகிறது, விடு" என்பது சி மொழியில் எதையும் நிரூபிக்காது. 39 பெயர்கள் சரியாக வந்தது மாலாக் கொடுத்த உபரியால். வேறு ஓஎஸ்ஸில், வேறு லைப்ரரியில் துண்டுகளின் அமைப்பு வேறு, அங்கே இந்த அறிகுறியே வராமல் போகலாம். உங்கள் பூஜ்ஜியம் விழுந்த இடம், மீதமிருக்கும் ஹீப் (மாலாக் துண்டு போடும் மெமரிப் பகுதி) எவ்வளவு என்று மாலாக் குறித்து வைத்திருந்த இடம் என்பதையும் மறக்காதீர்கள். பட்டியல் சிறியது என்பதால் தப்பித்தீர்கள். ஆயிரக்கணக்கான பெயர்கள் வந்தால் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு மாலாக் அழைப்பில் ப்ரோகிராம் நின்றுபோகலாம். அப்போது அந்த வரியைத்தான் எல்லாரும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

திருத்தம் எளிது: மாலாக்(ஸ்டர்லென்(வரி) + 1). அதைவிட நல்லது ஸ்டர்டப்(வரி). அளந்து, ஒன்று கூட்டி, இடம் வாங்கி, நகலெடுத்து, பாயிண்டரைத் திருப்பித் தரும். லினக்ஸில் நெடுங்காலமாக இருக்கிறது, சி23 தரத்தில் மொழிக்குள்ளேயே வந்துவிட்டது. இடம் கிடைக்காவிட்டால் நல் (எதையும் காட்டாத வெற்றுப் பாயிண்டர்) வரும், அதை மட்டும் சரிபாருங்கள். கையால் ஒன்றைக் கூட்டுகிற இடங்கள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

நீளத்தைத் தனியே வைக்காமல் பூஜ்ஜியத்தை நம்பும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறையாவது தோன்றியிருக்கும். சிக்கு முன்னோடியான பிசிபிஎல் மொழியில் ஸ்ட்ரிங்கின் முதல் பைட்டே நீளத்தைச் சொல்லும். பெல் லேப்ஸில் உருவான பி மொழி அதைக் கைவிட்டு முடிவுக்குறிக்கு மாறியது. 8 அல்லது 9 பிட்டில் எண்ணிக்கையை வைத்தால் ஸ்ட்ரிங்கின் நீளத்துக்கு ஒரு வரம்பு வந்துவிடுகிறது, தவிர எண்ணிக்கையைப் பராமரிப்பதைவிட முடிவுக்குறி வசதியாகத் தோன்றியது என்று சியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி பின்னாளில் காரணம் எழுதியிருக்கிறார். சியும் அதையே எடுத்துக்கொண்டது. அந்த நாளைய இயந்திரங்களுக்கு அது நியாயமான முடிவு. அதற்கான விலையைத்தான் நாம் இன்னும் செந்தில் செந்திலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

போகிற போக்கில் இன்னொன்று. தேடும் ஃபங்ஷனில் சைஸ்ஆஃப்(பெயர்) என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபங்ஷனுக்குள் வந்தபின் "பெயர்" ஒரு பாயிண்டர், அரே இல்லை. 64 பிட்டில் அது எப்போதும் 8 தரும். பெயரின் நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது டபுள் ஃப்ரீ. என் கணிப்பில் உங்களுடைய உண்மையான பிரச்சினை இதுதான், ஏனென்றால் மேலே சொன்னதெல்லாம் ஒரு கூட்டலில் தீர்ந்துவிடும், இது தீராது. உங்களிடம் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று எல்லா உறுப்பினர்களும், இன்னொன்று புத்தகம் திருப்பித் தராதவர்கள். இரண்டாவதைக் கட்டும்போது முதல் பட்டியலின் பாயிண்டரையே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதில் தவறில்லை, நகலெடுப்பது வீண். ஆனால் கடைசியில் இரண்டு பட்டியலையும் சுற்றிவந்து ஃப்ரீ செய்கிறீர்கள். புத்தகம் தராதவர்களின் பெயர்கள் இரண்டு முறை ஃப்ரீ ஆகின்றன. ஜிலிப்சி கவனித்து நிறுத்தியது உங்கள் அதிர்ஷ்டம். எல்லா நேரமும் அது கண்டுபிடிக்காது.

ஃப்ரீயை எங்கே எழுதுவது என்று யோசிப்பதற்கு முன்னால், இந்த ஸ்ட்ரிங் யாருடையது என்று கேளுங்கள். மாலாக் செய்த ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஓர் உரிமையாளர் இருக்க வேண்டும். மற்ற எல்லாரும் இரவல் வாங்கியவர்கள். இரவல் வாங்கியவர் படிக்கலாம், அச்சிடலாம், ஃப்ரீ செய்யக்கூடாது. உங்கள் ப்ரோகிராமில் முதல் பட்டியல் உரிமையாளர், இரண்டாவது இரவல். ஆகவே இரண்டாவது பட்டியலில் பெயர்களை ஃப்ரீ செய்யும் வரியை எடுத்துவிடுங்கள். அந்தப் பட்டியலின் அரேயை மட்டும் ஃப்ரீ செய்யுங்கள், அது அதற்குச் சொந்தமானது. வரிசையும் முக்கியம். உறுப்பினரை நீக்கும் ஃபங்ஷன் ஒன்று எழுதப்போவதாகக் குறிப்பு வைத்திருக்கிறீர்கள். அங்கே இரவல் பட்டியலிலிருந்து முதலில் எடுத்துவிட்டு, அதற்கப்புறம் உரிமையாளர் ஃப்ரீ செய்ய வேண்டும். மாறிப்போனால் இரவல் பட்டியல், இல்லாத ஒருவரின் முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த ஏற்பாட்டைத் தலைக்குள் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், கம்பைலரிடமும் சொல்லுங்கள். இரவல் பட்டியலில் பெயரை கான்ஸ்ட் கேர் பாயிண்டர் (படிக்க மட்டும், மாற்ற அல்ல) என்று அறிவியுங்கள். அதை ஃப்ரீக்குக் கொடுத்தால், கான்ஸ்ட்டை உதறுகிறாய் என்று ஜிசிசி எச்சரிக்கும். இந்த எச்சரிக்கையை காஸ்ட் (வகை மாற்றம்) போட்டு வாயடைக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தரும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே ஒரு வரி கமென்ட் எழுதுங்கள்: "திருப்பித் தருவதை அழைத்தவர் ஃப்ரீ செய்ய வேண்டும்" அல்லது "இது இரவல்". பெரிய பெரிய சி லைப்ரரிகளின் ஆவணங்களிலும் இந்த ஒரு வாக்கியத்தைத் தேடித்தான் நான் முதலில் போவேன்.

ஃப்ரீ செய்ததும் பாயிண்டரை நல் ஆக்கிவிடு என்று பலர் சொல்வார்கள். செய்யுங்கள், நல்லைத் திரும்ப ஃப்ரீ செய்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நல் ஆவது அந்த ஒரு மாறிதான். இரவல் பட்டியலில் இருக்கும் நகல் பழைய முகவரியோடு அப்படியே இருக்கும். உங்கள் பிழை அந்த வகை.

ஓஎஸ் எடுத்துக்கொள்ளும், விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். உண்மைதான், லினக்ஸில் ப்ரோகிராம் முடிந்ததும் அதன் மெமரி முழுவதும் திரும்பிவிடும். ஓடி முடிகிற சின்ன ப்ரோகிராமில் கடைசி நொடியில் ஃப்ரீ செய்யாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நீங்கள் ஃப்ரீயை எடுத்தது ப்ரோகிராம் குறுகிய நேரம் ஓடுவதால் அல்ல, ஃப்ரீ செய்தால் விழுகிறது என்பதால். அது நோயை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை எறிவது. நாளைக்கு இதே பட்டியல் நாள் முழுக்க ஓடும் ஒரு சர்வருக்குள் போனால், ஒவ்வொரு தேடலிலும் கொஞ்சம் கொஞ்சமாக மெமரி தின்று, கடைசியில் ஓஎஸ்ஸே அதைக் கொன்றுவிடும். உரிமையாளர் யார் என்று தெளிவாகும்வரை ஃப்ரீயை வைத்துக்கொண்டே போராடுங்கள்.

அட்டைக்கு வருவோம். ஸ்டர்என்காப்பி என்பது பத்திரமான ஸ்டர்காப்பி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது பழைய யூனிக்ஸில் நிலையான அகலப் புலங்களை நிரப்ப எழுதப்பட்டது. கோப்புப் பெயருக்கு 14 பைட் என்று ஒதுக்கிய காலம் அது. மூலம் சிறியதாக இருந்தால் மீதியைப் பூஜ்ஜியத்தால் நிரப்பும், இடத்துக்குச் சமமாகவோ பெரியதாகவோ இருந்தால் முடிவுக்குறியே போடாது. நீங்கள் 19ஆம் இடத்தில் கையால் பூஜ்ஜியம் வைத்தது நல்ல முன்ஜாக்கிரதை. ஆனால் தமிழ்ச்செல்வன் 14 குறிகள், 42 பைட். அதை 19ஆவது பைட்டோடு வெட்டினால் ஆறு முழுக் குறிகளும் ஏழாவதின் ஒரு பைட்டும் வரும். அந்த அநாதை பைட்தான் கறுப்புக் கட்டமாகத் தெரிகிறது.

அந்த அநாதையை மட்டும் நீக்கினால் போதுமா? போதாது. மிஞ்சுவது "தமிழ்ச". ஏழாவது குறி புள்ளி. புள்ளியை இழந்த ச் இப்போது ச ஆகிவிட்டது. ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதிய உதாரணங்கள் எதிலும் இந்தச் சிக்கல் வராது, நமக்கு ஒவ்வொரு பெயரிலும் வரும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். வெட்டும் இடத்தில் இருக்கும் பைட்டின் மதிப்பு 128 முதல் 191 வரை இருந்தால் அது ஒரு குறியின் நடுப்பகுதி, அப்படி இல்லாத பைட் வரும்வரை பின்னால் நகருங்கள். அன்சைன்ட் கேராக மாற்றி ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கணினியில் அந்த பைட்டுகள் எதிர்மறை எண்ணாகத் தெரியும். அப்புறம், வெட்டுப்படப்போகும் முதல் குறி புள்ளியா துணையெழுத்தா என்று பாருங்கள். ஆமென்றால் அது சேர்ந்திருந்த மெய்யையும் விட்டுவிட்டு அதற்கு முன்னால் வெட்டுங்கள். தமிழ்ச்செல்வனுக்கு "தமிழ்" மிஞ்சும்.

என்னைக் கேட்டால் பெயரை வெட்டவே வேண்டாம். 20 பைட் என்பது தமிழில் ஆறு குறிகள். யாருடைய பெயர் அதற்குள் அடங்கும்? எஸ்என்பிரின்ட்எஃப் பயன்படுத்துங்கள். அது எப்போதும் முடிவுக்குறி போடும், அதோடு முழுதாக எழுத எத்தனை பைட் தேவைப்பட்டிருக்கும் என்பதையும் திருப்பித் தரும். அந்த எண் உங்கள் இடத்தின் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் பெயர் வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது அந்த எண்ணுடன் ஒன்று கூட்டி மாலாக் செய்து மறுபடி எழுதுங்கள். அட்டையில் இடம் போதாவிட்டால் இரண்டு வரியில் அச்சிடுங்கள். தன் பெயர் பாதியில் அறுந்து கிடக்கும் அட்டையை யாருக்கும் கொடுக்கக்கூடாது.

இதே கணக்கை உங்கள் "வரி" அரேக்கும் போடுங்கள். 100 பைட் பெரிதாகத் தெரியும், தமிழில் அது 33 குறிகளைத் தாண்டாது. அதைவிட நீளமான வரி வந்தால் எஃப்கெட்ஸ் அதை இரண்டாக உடைக்கும், ஓர் உறுப்பினர் இருவராகிவிடுவார். கெட்லைன் என்ற பாசிக்ஸ் ஃபங்ஷன் வரியின் நீளத்துக்கு ஏற்றபடி தானே இடத்தை வளர்த்துக்கொள்ளும். லூப் முடிந்ததும் ஒரே ஒரு முறை ஃப்ரீ செய்தால் போதும். கல்லூரி லேப் கையேட்டில் வரியைப் படிக்க கெட்ஸ் என்ற பழைய ஃபங்ஷன் இருந்தால் அந்தப் பக்கத்தைப் பின்பற்றாதீர்கள். இடம் எவ்வளவு என்று அதனிடம் சொல்ல வழியே இல்லை. 1988 நவம்பரில் இணையத்தின் ஒரு பகுதியை முடக்கிய, தானே பரவும் ப்ரோகிராமான மோரிஸ் வோர்ம் உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் சர்வரில் இருந்த ஒரு கெட்ஸ் அழைப்பு. அங்கே 512 பைட் இடத்தில் 536 பைட் போய் விழுந்தது. 2011இல் வந்த சி11 தரத்தில் அந்த ஃபங்ஷனையே மொழியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

வாங்கிய துண்டின் அளவை மாற்றும் ரீயலாக் பற்றி ஒரு வரி. பட்டியலை வளர்க்கும்போது பழைய பாயிண்டரிலேயே விடையை வாங்குகிறீர்கள். இடம் கிடைக்காமல் நல் வந்தால் பழைய துண்டு அப்படியே இருக்கும், ஆனால் அதன் முகவரியை நீங்கள் தொலைத்திருப்பீர்கள். தற்காலிக மாறியில் வாங்கி, நல் இல்லை என்று பார்த்த பிறகு மாற்றுங்கள்.

இதையெல்லாம் திருத்துவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இப்போது இருக்கிற ப்ரோகிராமை ஒன்றும் மாற்றாமல், ஜிசிசி கட்டளையில் மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் எஃப்சானிடைஸ் ஈக்வல்ஸ் அட்ரஸ் என்ற ஃபிளாகையும் ஜி ஃபிளாகையும் சேர்த்து கம்பைல் செய்து ஓட்டுங்கள். செந்தில்வரை காத்திருக்காமல் முதல் பெயரிலேயே நின்றுவிடும். பட்டியலில் முதலில் இருப்பவர் முருகன் என்பதால், 22 பைட் எழுத முயன்றாய், 21 பைட் துண்டின் முடிவுக்கு அடுத்த பைட்டைத் தொட்டாய் என்று சொல்லும். உபரியெல்லாம் இங்கே செல்லாது. ஒன்றைக் கூட்டித் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது டபுள் ஃப்ரீயில் நிற்கும், மூன்று இடங்களைக் காட்டும்: இரண்டாவது முறை ஃப்ரீ செய்த வரி, முதல் முறை ஃப்ரீ செய்த வரி, அந்தத் துண்டை மாலாக் செய்த வரி. மூன்றாவது வரி எந்தப் பட்டியலைக் கட்டும் ஃபங்ஷனுக்குள் இருக்கிறதோ, அந்தப் பட்டியல்தான் உரிமையாளர்.